பழைய பாலத்தோடு புதிய தளத்தை எப்போது இணைப்பது?

நான்கு வழிச்சாலைகள் ஆறு வழியாகிக்கொண்டிருக்கும் காலம் இது. சாலையை அகலப்படுத்துவது ஓரளவு நேரான வேலை. மண் கொட்டி, இறுக்கி, ஜல்லி பரப்பி, தார் போட்டுவிடலாம். வழியில் ஒரு பாலம் குறுக்கிட்டால்தான் யோசனை தொடங்குகிறது. இருபது முப்பது வருடமாக நிற்கும் பாலம், நல்ல நிலையில் இருக்கிறது, இடிக்கக் காரணமில்லை. ஒரு பக்கம் நான்கு மீட்டர் அகலம் சேர்த்தால் போதும். புதிதாக இரண்டு கர்டர் (தளத்தைத் தாங்கும் நீள உத்திரம்) வைத்து, மேலே தளம் போட்டு, பழைய தளத்தோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

அவசரமாக அப்படிச் சேர்த்த பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படலாம். புதிய தளத்தில் குறுக்குவாக்கில், ஏறக்குறைய சீரான இடைவெளியில் மெல்லிய விரிசல்கள். பழையதும் புதியதும் சேரும் கோட்டை ஒட்டி, நீளவாக்கில் ஒரு விரிசல். மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கோட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். பார்ப்பவர் மனம் உடனே சிமெண்டின் மேல் சந்தேகப்படும், கம்பியைக் குறைத்துவிட்டார்களோ என்று போகும். கான்கிரீட் முழுத் தரத்தோடு இருந்தாலும் இந்த விரிசல்கள் வரும். இணைத்த இரண்டுக்கும் வயது வேறு, அதுதான் காரணம்.

கான்கிரீட்டில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதிதான் சிமெண்டோடு வினைபுரிகிறது. மீதி நுண்ணிய துளைகளில் தங்கி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. அது வெளியேற வெளியேற கான்கிரீட் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும்? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் கான்கிரீட் பால விதி நூலான ஐ.ஆர்.சி. 112 இதற்கு அட்டவணையே தருகிறது. எம்25 கான்கிரீட் (எம்-க்குப் பின் வரும் எண் அதன் வலிமையைக் குறிக்கும்), காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 0.30 மில்லிமீட்டர். ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் 0.53 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். எம்50 என்றால் இவை 0.24, 0.42 என்று குறைகின்றன. தளத்தின் கனத்தைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கடலோரத்தில் கட்டுவதற்கும் வறண்ட உள்மாவட்டத்தில் கட்டுவதற்கும் கணக்கு ஒன்றல்ல என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ஒரு ஊருக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே இன்னொரு ஊருக்கு எடுத்துப்போவது இதனால்தான் ஆபத்து.

பேச்சுக்கு மீட்டருக்கு 0.30 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஸ்பானில், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட நீளத்தில், அது 9 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் பழைய தளம் தன் பங்கு சுருக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது. அது இனி அசையப்போவதில்லை. புதியது 9 மில்லிமீட்டர் குறுக வேண்டும், பழையது அதைக் குறுக விடாது. இரண்டையும் கம்பி போட்டுக் கட்டியாயிற்று.

இந்த 0.30 எவ்வளவு பெரியது என்று உணர வெப்பநிலையோடு ஒப்பிட்டால் போதும். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். அப்படியென்றால் 0.30 என்பது 25 டிகிரி குளிர்வுக்குச் சமம். பழைய தளம் அப்படியே இருக்க, புதிய தளம் மட்டும் 25 டிகிரி குளிர்ந்து, திரும்பச் சூடாகாமலே இருந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. வெப்பத்தால் வரும் அசைவு காலையில் போய் மாலையில் திரும்பும். இது ஒரே திசையில் போகும் பயணம்.

தடுத்தால் என்ன இழுவிசை வரும்? எம்35 கான்கிரீட்டின் விறைப்பை வைத்துப் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு ஒன்பதரை நியூட்டன் வருகிறது. அந்தக் கான்கிரீட் இழுவையில் தாங்குவது சராசரியாக 2.8 நியூட்டன்தான். நல்லவேளையாக கான்கிரீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. நீண்ட நாள் நிற்கும் விசைக்கு அது மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். இன்ஜினியர்கள் க்ரீப் என்று சொல்வது இதைத்தான். அதனால் ஒன்பதரை பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ இறங்கும். பழைய தளமும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். எல்லாம் போக மிச்சம் இருப்பது, விரிசல் விடும் எல்லைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ஒரு பாலத்தில் விரிசல் வருவதும் அதே வரைபடத்தில் கட்டிய அடுத்த பாலத்தில் வராததும் இதனால்தான். ஊற்றிய கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் கியூரிங் இரண்டு நாள் குறைந்தது, ஊற்றிய அன்று காற்று பலமாக அடித்தது, தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது, இப்படி ஏதாவது ஒன்று போதும், அந்தப் பக்கம் சாய்ந்துவிட.

விசை எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். பழையதும் புதியதும் சேரும் கோடு முழுக்கச் சம அளவில் இழுபறி நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பானின் நடுப்பகுதியில் புதிய தளம் இழுவிசையோடு அமைதியாக இருக்கும். அங்கே இரண்டும் ஒன்றையொன்று உரசுவதில்லை. அந்த இழுவிசை முழுவதும் பழைய தளத்துக்குள் கடத்தப்படுவது இரு முனைகளில்தான், ஏறக்குறைய புதிய பட்டையின் அகலம் அளவுக்கான தூரத்துக்குள். நான்கு மீட்டர் அகலம் சேர்த்தால், இரு முனையிலும் முதல் நான்கைந்து மீட்டர்தான் உண்மையான போர்க்களம். குறுக்குக் கம்பிகளை நெருக்கமாகப் போட வேண்டியதும் அங்கேதான். முனையிலிருந்து முனைவரை ஒரே இடைவெளியில் கம்பி காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், இந்தக் கணக்கு போடப்பட்டதா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்தினால் இன்னொரு விளைவும் உண்டு. ஓரத்தில் உள்ள பட்டை சுருங்குவதால் மொத்தத் தளமும் மேலிருந்து பார்க்கும்போது வில்லாக வளையப் பார்க்கும். அந்த வளைவைத் தடுப்பது பேரிங்குகள், அதாவது தூணின் மேல் கர்டர் உட்காரும் தாங்கிகள். பக்கவாட்டு விசைக்கென்று வடிவமைக்காத பழைய பேரிங்குகள் திடீரென்று அதைச் சுமக்க வேண்டி வரும். இரு பக்கமும் சமமாக அகலப்படுத்தினால் வளைவு ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் போக்குவரத்தை நிறுத்த முடியாததால் ஒரு பக்கத்தை முதலில் கட்டி, வண்டிகளை அங்கே திருப்பிவிட்டு, அப்புறம்தான் மறுபக்கத்தைத் தொடுவார்கள். நடுவில் உள்ள அந்த மாதங்களில் பாலம் ஒரு பக்கம் மட்டும் அகலமான பாலம்தான். கணக்கு அந்தக் கட்டத்துக்கும் போட வேண்டும்.

நீளவாக்கில் மட்டுமில்லை, செங்குத்தாகவும் புதியது அசையும். பி.எஸ்.சி. (முன்னழுத்தக் கான்கிரீட்) கர்டர் என்றால் உள்ளே இழுத்துக் கட்டிய கேபிள்களால் அது முதலில் மேலே வளைந்து நிற்கும், மாதங்கள் போகப் போக அந்த வளைவு இன்னும் கூடும். தளம் ஊற்றியதும் எடையால் கீழே இறங்கும். புதிய அஸ்திவாரமும் கொஞ்சம் இறங்கலாம். பழைய பாலத்தில் இவை எல்லாம் முடிந்துபோன கதை. அதனால்தான் தளம், புதிய பக்கத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாவற்றையும் ஊற்றி, எடை முழுவதும் கர்டரில் இறங்கிய பிறகுதான் இணைக்க வேண்டும்.

இணைப்பு என்று சொல்வது நடுவில் விட்டுவைக்கும் ஒரு குறுகலான பட்டையை. அறுநூறு மில்லிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை அகலம் இருக்கும், சைட்டில் ஸ்டிட்ச் என்பார்கள். புதிய தளத்தைத் தனியாகக் கட்டி முடித்து, அது சுருங்க வேண்டியதில் பெரும்பங்கு சுருங்கி, இறங்க வேண்டியதும் இறங்கிய பிறகு, கடைசியாக அந்தப் பட்டையை ஊற்றி இரண்டையும் ஒன்றாக்குவது. புதுத் துணியை உடனே வெட்ட மாட்டேன், நனைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று தையல்காரர் திருப்பி அனுப்புவதும் இதே காரணத்துக்குத்தான்.

எத்தனை நாள் காத்திருப்பது? இதற்கும் ஐ.ஆர்.சி. 112-இல் சூத்திரம் இருக்கிறது. மேலும் கீழும் காற்றுபடும் 200 மில்லிமீட்டர் கனத் தளத்தை எடுத்துக்கொள்வோம். கியூரிங் முடிந்து 28 நாளில் உலர் சுருக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நடந்திருக்கும். 90 நாளில் 44 சதவீதம். பாதியைத் தொட ஏறக்குறைய 113 நாள். ஆறு மாதத்தில் 61 சதவீதம், ஒரு வருடத்தில் 76 சதவீதம். கனம் 300 மில்லிமீட்டர் ஆனால் பாதியைத் தொடவே ஏழு மாதம் ஆகிவிடும். அதே சூத்திரத்தில் பழைய தளத்தின் இருபது வருடத்தைப் போட்டால் 98 சதவீதத்துக்கு மேல் வருகிறது.

நம் சைட்டுகளில் 28 நாள் என்பது ஒரு மந்திர எண்ணாகிவிட்டது. சோதனைக்கு வார்த்த க்யூபை உடைத்துப் பார்த்தோம், வலிமை வந்துவிட்டது, அப்போது எல்லாம் சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். வலிமை 28 நாளில் வந்துவிடும். சுருக்கம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். 28-ஆம் நாள் ஸ்டிட்ச் ஊற்றினால், 9 மில்லிமீட்டரில் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் இணைப்புக்குப் பிறகு நடக்கப்போகிறது. 90 நாள் பொறுத்தால் அது ஐந்தாகிறது. ஆறு மாதம் பொறுத்தால் மூன்றரை. வேறு எந்த வேலையும் செய்யாமல், ஒரு கம்பிகூடக் கூடுதலாகப் போடாமல் கிடைக்கும் பலன் இது. மூன்று மாதத்துக்குக் குறைந்து இணைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கர்டர்களை முன்கூட்டியே வார்த்து யார்டில் வைத்துவிட்டால் அவற்றின் வயதும் கணக்கில் சேரும்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். பழைய தளமும் புதிய தளமும் ஒரே வெயிலில்தான் காய்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி கான்கிரீட், ஒரே உயரக் கர்டர், ஒரே இடத்தில் நிலையான பேரிங் (தளத்தை நகரவிடாமல் பிடிப்பது) என்றால் இரண்டும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும், சண்டையே கிடையாது. வேறு வேறாக இருந்தால்தான் தொல்லை. பழைய கான்கிரீட் பாலத்துக்குப் பக்கத்தில் இரும்பு கர்டர் வைத்தால், விரிவுக் குணகம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், மெல்லிய இரும்பு காலை பத்து மணிக்கே சூடேறிவிடும், கனமான கான்கிரீட் மெதுவாகத்தான் எழும். அந்தக் கால வித்தியாசம் தினமும் இணைப்பை இழுக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. பழைய பாலம் 30 மீட்டர் ஸ்பான் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும் பாலம். புதியதை நவீனமாகச் செய்கிறோம் என்று மூன்று ஸ்பானையும் சேர்த்து 90 மீட்டர் தொடர் தளமாகக் கட்டுகிறார்கள். ஜாயிண்ட் (தளங்களுக்கு இடையே விடும் விரிவு இடைவெளி) குறைவு, வண்டி ஓட்டச் சுகம், எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு முனையில் நிலையாகப் பிடித்த 90 மீட்டர் தளம் 15 டிகிரி சூடேறினால் மறுமுனை 16 மில்லிமீட்டர் நகரும். அதற்குப் பக்கத்திலேயே பழைய ஸ்பானின் நிலையான பேரிங் இருந்தால், அங்கே தளம் நகரவே நகராது. இவை இரண்டையும் ஸ்டிட்ச் போட்டுக் கட்டினால் எந்தக் கம்பியும் தாங்காது. அகலப்படுத்தும்போது பழையதன் ஸ்பான், ஜாயிண்ட் இருக்கும் கோடு, நிலையான பேரிங் இருக்கும் பக்கம் மூன்றையும் புதியது அப்படியே பின்பற்ற வேண்டும். பழசு பழைய பாணியில் இருந்தாலும் இதில் அதன் சொல்தான் எடுபட வேண்டும்.

பேரிங்கும் அப்படித்தான். நம் பழைய பாலங்கள் பலவற்றில் இரும்பு ராக்கர், ரோலர் பேரிங்குகள் இருக்கின்றன. உருள வேண்டிய ரோலர் துருவும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போய், வருடக்கணக்கில் உருளாமலே இருப்பதும் உண்டு. பக்கத்தில் புதிதாக ரப்பர் பேரிங்கில் உட்காரும் தளம் 20 டிகிரிக்கு ஏழு மில்லிமீட்டர் சுலபமாக நகரும். இறுகிப்போன பழையது தூணையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் நகர முடியும். அகலப்படுத்தும் முன்பே பழைய தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி பேரிங்கை மாற்றிவிட வேண்டும். இணைத்த பிறகு தூக்குவதென்றால் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும், செலவும் சிரமமும் பல மடங்கு.

வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதால் தளத்தின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாகும். ஐ.ஆர்.சி. 6 என்ற சுமை விதி நூல் மேற்பரப்பில் 17.8 டிகிரி கூடுதல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இதனால் 30 மீட்டர் கர்டர் மதியத்தில் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் போல மேலே எழும்பும், இரவில் இறங்கும். பழையதன் மேல் தார் இருக்கும், புதியதன் மேல் இன்னும் இருக்காது, இரண்டும் ஒரே அளவு எழும்பாது. மதியம் இரண்டு மணிக்கு ஸ்டிட்ச் ஊற்றினால் அந்த நேரத்து வித்தியாசத்தையே கெட்டிப்படுத்திவிடுகிறோம். சூரியன் இறங்கி, இரண்டு தளமும் சமநிலைக்கு வந்த பிறகு, இரவில் ஊற்றுவதுதான் முறை. இரவில் வண்டியும் குறைவு.

வண்டி என்றதும் அதிர்வு ஞாபகம் வரும். பழைய தளத்தில் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பச்சைக் கான்கிரீட் ஊற்றினால் அது பாழாகாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டம் 1981-இல் வெளியிட்ட தொகுப்பறிக்கை இதைத்தான் ஆராய்ந்தது. தளர்வில்லாத, நல்ல கலவையாக இருந்தால் போக்குவரத்து அதிர்வு பெரிய கெடுதல் செய்வதில்லை என்பது அதன் முடிவு. ஸ்டிட்சில் பார்க்க வேண்டியது இரு பக்கத்துக் கர்டரும் ஒன்றுக்கொன்று மேலும் கீழும் அசைவதைத்தான். பக்கத்து வழித்தடத்தை அடைத்து, வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, இரு பக்கத்தையும் தற்காலிக இரும்புச் சட்டத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றினால் அதுவும் அடங்கும்.

அந்தப் பட்டையும் தானே சுருங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. 800 மில்லிமீட்டர் அகலத்துக்கு 0.24 மில்லிமீட்டர். மொத்தமும் ஒரே இடத்தில் வாய் திறந்தால் கண்ணால் பார்க்கக்கூடிய விரிசல் அது, பாலத்தின் முழு நீளத்துக்கும். அதனால் பழைய தளத்தின் ஓரத்தைக் கொத்தும்போது கம்பியை வெட்டாமல் வெளியே எடுத்து, முகப்பைச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, முந்தைய நாளே நனைத்து, மேலே ஈரம் நிற்காத நிலையில் ஊற்ற வேண்டும். சுருக்கத்தை ஈடுகட்டும் கலவை போட்டால் இன்னும் நல்லது. ஈரச் சாக்கு குறைந்தது இரண்டு வாரம் கிடக்கட்டும். பாலத்திலேயே மிகச் சிறிய ஊற்று இதுதான், அதனாலேயே அலட்சியமாகப் போகிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, இணைக்காமலே விட்டுவிடலாமே? விடலாம், விட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலம் 1959-இல் நான்கு வழியோடு திறக்கப்பட்டது. பத்தே வருடத்தில் போதவில்லை. 1969-இல் இரு பக்கமும் இரண்டிரண்டு வழி கொண்ட இரும்புப் பெட்டிகளைப் பழைய தூண்களின் மேலேயே நீட்டி வைத்து எட்டு வழியாக்கினார்கள். ஜப்பானில் செய்து வந்ததால் அவற்றுக்கு நிப்பான் கிளிப்-ஆன் என்று பட்டப்பெயர். நடுவில் பழைய இரும்புச் சட்டகப் பாலம், இரு ஓரத்திலும் புதிய பெட்டிகள், தளங்களுக்கு இடையே இடைவெளி. ஏறக்குறைய 244 மீட்டர் நீளமுள்ள முதன்மை ஸ்பான் 20 டிகிரிக்கே 58 மில்லிமீட்டர் அசையும். பல சிறு உறுப்புகள் சேர்ந்த சட்டகமும் மூடிய பெட்டியும் ஒரே வேகத்தில் சூடேறாது. அவற்றைத் தனித்தனியே அசைய விட்டதுதான் புத்திசாலித்தனம். சென்னை நேப்பியர் பாலத்தில் வேறு வழியே இல்லை. வில் வளைவுகள் சாலையின் இரு ஓரத்திலும் எழுந்து நிற்பதால் அந்தப் பாலத்தைப் பக்கவாட்டில் நீட்ட முடியாது. பக்கத்தில் அதே தோற்றத்தில் இன்னொரு பாலம்தான் கட்டினார்கள்.

ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு வசதி உண்டு. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டி மாற வேண்டியதில்லை. நம் ஆறு வழிச்சாலையில் இடைவெளிக் கோடு வழித்தடத்துக்கு நடுவிலேயே வந்து விழும். நீளவாக்கில் ஓடும் ஜாயிண்டில் கார் சக்கரம் ஒன்றும் ஆகாமல் தாண்டிவிடும். மழையில் வழுக்கும் அந்த இரும்பு விளிம்பின் மேல் சாய்வாக ஏறும் இரு சக்கர வாகனம் அப்படித் தாண்டாது. இத்தனை பேர் பைக்கில் போகும் நாட்டில் சக்கரம் ஓடும் தடத்தில் திறந்த ஜாயிண்டை விடுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். தண்ணீர் அதன் வழியே இறங்கிக் கர்டர் முனையையும் பேரிங்கையும் அரிப்பது தனிக் கதை. ஆகவே சேர்க்கத்தான் வேண்டும், சேர்ப்பதற்கு முன் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்புக்கு அட்டவணையில் இடம் எங்கே என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ஒப்பந்ததாரருக்கு முடிக்கும் தேதி இருக்கிறது, நாள் தவறினால் அபராதம் இருக்கிறது. மூன்று மாதம் சும்மா இருங்கள் என்றால் யார் இருப்பார்கள்? சும்மா இருக்க வேண்டியதில்லை. பல கிலோமீட்டர் நீளும் சாலைத் திட்டத்தில் பால அகலப்படுத்தலை முதல் வேலையாக எடுத்து, கர்டரும் தளமும் ஊற்றிவிட்டு, ஆட்களும் இயந்திரமும் மண் வேலைக்கும் சாலைக்கும் போய்விடலாம். அந்தப் பக்கம் சாலை தயாராகும்போது இந்தப் பக்கம் தளத்துக்கு வயது ஏறியிருக்கும். தளம் ஊற்றிய நாளுக்கும் ஸ்டிட்ச் ஊற்றும் நாளுக்கும் இடையே குறைந்தபட்ச நாள் கணக்கை டெண்டரிலேயே, வரைபடத்தின் குறிப்பிலேயே எண்ணாக எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த நாள்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். எழுதியிருந்தால் சைட்டில் இருக்கும் இளம் இன்ஜினியர் அதைக் காட்டி, இன்று ஊற்ற முடியாது என்று சொல்ல முடியும்.